பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் நம் பெயர்: எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஓர் அறிவிக்கையை வெளியிட்ட சில நாட்களிலேயே, வயது முப்பதைக் கடந்த பலர் தாங்கள் ஒன்றாம் வகுப்புப் படித்த பள்ளியைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரைக்கும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. பட்டப்படிப்பைத் தமிழ் வழியில் முடித்ததற்கு ஒரு சான்று வாங்கி வைத்திருந்தால் போதும் என்று நினைத்திருந்தவர்கள், திருத்தத்துக்குப் பிறகு, ஐந்து வயதில் படித்த வகுப்பின் பயிற்று மொழிக்கும் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. இடையில் பள்ளி மாறியவர் என்றால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்படி வருபவர்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான். “சார், என்னோட ஸ்கூல் சர்டிபிகேட் வேணும்” என்று தொடங்குவார்கள். எந்தச் சான்றிதழ் என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மாணவரைப் பற்றிய ஆவணங்களில் எது பள்ளியில் இருக்கிறது, எது சென்னையில் இருக்கிறது, எது நிரந்தரமானது, எது சில ஆண்டுகளில் கழிக்கப்படுவது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நம் கையில் இருக்கும் மாற்றுச் சான்றிதழ் உள்ளிட்ட காகிதங்கள் ஒரு பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதப்பட்டவை. அந்தப் பதிவேட்டைக் குறிவைத்துக் கேட்கத் தெரிந்தவருக்கு வேலை விரைவில் முடிகிறது.

அந்தப் பதிவேட்டுக்குச் சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று பெயர். பள்ளி திறந்த நாளிலிருந்து சேர்ந்த ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. தடித்த அட்டையும் துணி முதுகும் கொண்ட அகலமான பேரேடு அது. தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் மற்றப் பதிவேடுகளோடு சேர்க்காமல் தனியாக வைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்தில் சேர்க்கை எண், சேர்ந்த தேதி, மாணவர் பெயர், தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், அவருடைய தொழில், ஊர், பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி. வலப்பக்கத்தில் முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கும்போது படித்த வகுப்பு, நீங்கிய காரணம், கொடுத்த சான்றிதழின் எண். பழைய பக்கங்களில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்பதும், பெண்பிள்ளைகளுக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் ‘தொடர்ந்து வராமை’ என்பதும் பக்கம் பக்கமாக வரும். வருகைப் பதிவேடும் தேர்வுத் தாள்களும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படும். சேர்க்கை நீக்கல் பதிவேடு நிரந்தர ஆவணம். அதை அழிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. கறையானும் மழைநீரும் விதியைப் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பதிவேட்டின் கட்டங்களில் அதிகம் வழக்காடப்பட்டது பிறந்த தேதிதான். ஊரில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் குறைவாக இருந்த காலத்தில், பிள்ளையை வலக்கையால் தலைக்கு மேலாக இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். பள்ளி திறப்பது ஜூன் மாதம் என்பதால் அந்தத் தேதி மே மாதக் கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ விழும். நம் பெற்றோர் தலைமுறையில் இத்தனை பேர் கோடையில் பிறந்ததாகக் கணக்கு இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இப்படி எழுதப்பட்ட தேதிக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பதிவேட்டில் ஒரு தேதி இருப்பது மட்டும் போதாது, அதைச் சொன்னவர் பெற்றோரா, விவரம் அறிந்த வேறொருவரா என்பதற்கும் சான்று வேண்டும் என்று 1988-இல் பிராத் மல் சிங்வி வழக்கில் அது தீர்ப்பளித்தது. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், ஒருவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரா என்ற கேள்வி எழும்போது, பள்ளி அளிக்கும் பிறந்த தேதிச் சான்றையும் பொதுத்தேர்வுச் சான்றிதழையும் முதலிடத்தில் வைக்கிறது. அவை இல்லாதபோதுதான் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அடுத்த தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இருக்காது என்று நினைக்கிறேன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்த நமக்கோ பள்ளி ஆவணத்தையும் காட்ட வழியிருக்கிறது.

சாதி என்ற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் காலியாக விடவோ ‘சாதி இல்லை’, ‘மதம் இல்லை’ என்று எழுதச் சொல்லவோ பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதை 1973-ஆம் ஆண்டிலும் 2000-ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு அரசு ஆணையாகவே வெளியிட்டிருக்கிறது. இதை அறியாத பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அவ்வாறு எழுதச் சொல்பவர்கள் இட ஒதுக்கீட்டை நாடும்போது என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டே எழுதச் சொல்ல வேண்டும்.

பதிவேட்டிலிருந்து மாணவர் கைக்கு வருவது இரண்டு வகை. தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் கொடுப்பது பதிவுத்தாள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் கொடுப்பது மாற்றுச் சான்றிதழ், பேச்சு வழக்கில் டி.சி. ஐந்தாம் வகுப்புப் பள்ளிக்குப் போய் டி.சி. கேட்டால் “அது இங்கே கிடையாது” என்று உண்மையையே சொல்லி அனுப்பிவிடுவார்கள். பதிவுத்தாள் என்று கேட்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். அங்க அடையாளங்கள் இரண்டு இருக்கும். பயிற்று மொழி இருக்கும். தமிழ் வழிச் சான்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. சென்ற கல்வியாண்டில் மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று இருக்கும். “டி.சி.யில சிவப்பு மையில எழுதிடுவேன்” என்ற மிரட்டலைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை குறைவு, என் பணிக்காலத்தில் அப்படி எழுதப்பட்ட சான்றிதழ் ஒன்றையும் நான் கண்டதில்லை.

சான்றிதழின் அடியில், பொடி எழுத்தில், பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திடுவதற்கு ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கும். மேலே குறிப்பிட்ட இனங்களுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் விவரங்கள் சரியானவை என்றும், வருங்காலத்தில் அவற்றில் மாற்றம் எதுவும் கோர மாட்டேன் என்றும் அதில் கையெழுத்திடுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைப் படிப்பதில்லை என்பேன். கல்லூரிச் சேர்க்கைக்கு நேரமாகிவிட்டது, வெளியே ஆட்டோ நிற்கிறது, கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பெயரின் தலைப்பெழுத்து, தந்தை பெயரின் எழுத்துக்கோப்பு, பிறந்த தேதி, சமுதாயப் பிரிவு ஆகிய நான்கையும் பிறப்புச் சான்றிதழோடும் சாதிச் சான்றிதழோடும் ஆதார் அட்டையோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிழை இருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்க வேண்டும். பிழையோடு வெளியே வந்த காகிதத்தைத் திருத்துவது பின்னர் மிகவும் சிரமம்.

உண்மையில் திருத்தத்துக்கு உகந்த காலம் அதற்கும் முன்னதாகவே வந்துபோகிறது. பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது பிறப்புச் சான்றிதழை இணைத்துத் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தால், அவர் கல்வி அலுவலரின் ஒப்புதலைப் பெற்றுப் பதிவேட்டிலேயே திருத்த வழியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளி தயாரிக்கும்போது, பெற்றோரிடம் விவரங்களைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அதை வெறும் படிவமாக எண்ணாமல் உட்கார்ந்து படியுங்கள்; மதிப்பெண் சான்றிதழில் அச்சாகப்போவது அந்தப் பட்டியல்தான். தேர்வு முடிந்து சான்றிதழ் வந்த பிறகு கோரிக்கை பள்ளியைத் தாண்டி அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகிறது. பிறந்த தேதி விவகாரம் பல வேளைகளில் நீதிமன்றத்துக்கும் போகிறது. அரசுப் பணியில் சேர்ந்தவர் தம் பிறந்த தேதியை மாற்றக் கோருவதானால், சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது திடீரென்று இளமை திரும்புபவர்களைத் தடுக்கவே அந்த விதி.

மாற்றுச் சான்றிதழைக் கட்டண பாக்கிக்காகப் பிடித்துவைப்பது தனியார் பள்ளிகள் சிலவற்றில் நெடுநாள் வழக்கம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது. அது வரத் தாமதமானால் அதையே காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சொல்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது: மாற்றுச் சான்றிதழ் என்பது பெற்றோரிடமிருந்து பாக்கியை வசூலிக்கும் கருவி அன்று, கட்டணம் செலுத்தவில்லை என்ற குறிப்பை அதில் எழுதவும் கூடாது, பாக்கியை வசூலிக்கப் பள்ளிகள் சட்டப்படியான வேறு வழிகளை நாடலாம். தீர்ப்பின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சின் தொனி மாறுவதை என் உறவினர் ஒருவரின் விஷயத்தில் நேரில் கண்டேன்.

ஆனால் காகிதத்தோடு முடிந்துவிடுவதில்லை. இப்போது தமிழ்நாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஓர் எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்த மாணவரின் பதிவைப் ‘பொதுத் தொகுப்பு’க்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். சான்றிதழைக் கொடுத்துவிட்டு எமிஸ் பதிவை விடுவிக்காமல் வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அப்போது பிள்ளை ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்க, அரசின் கணக்கில் வேறொரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். ஆகவே சான்றிதழைப் பெறும் நாளிலேயே, எமிஸிலிருந்து பெயர் விடுவிக்கப்பட்டதா என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம். தனியார் பள்ளிகளுக்கென்றே இப்போது தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார்.

மதிப்பெண் சான்றிதழின் கதை வேறு. அதன் மூல ஆவணம் பள்ளியில் கிடையாது. சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. வளாகம் என்று நெடுங்காலம் அறியப்பட்டு 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டப்பட்ட வளாகத்தில் இயங்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருக்கிறது. அரசு வேலையில் சேர்ந்தவர்களின் சான்றிதழ்கள் உண்மைத்தன்மை அறிய அங்கேதான் அனுப்பப்படுகின்றன. வெளிமாநிலப் படிப்புக்குக் கேட்கப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழும் அங்கிருந்தே வர வேண்டும். மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கி, முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பின் முடிவில் எழுதியதே எஸ்.எஸ்.எல்.சி. என்பதால், அப்பா அம்மாவின் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்கள் வகுப்பைக் குறிப்பிடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால் முதலில் வேண்டியது, தொலைந்ததற்கான காவல்துறைப் பதிவு. இப்போது தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிந்து அச்செடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக இரண்டாம்படிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையங்கள் வழியாகவும் விண்ணப்பிக்க இப்போது வழி செய்திருக்கிறார்கள். தேர்வெண், தேர்வு எழுதிய மாதம், ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் சான்றிதழ்களை இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம் நடத்திக் கட்டணமின்றி நகல் வழங்கினார்கள். 2023 டிசம்பர் மழைக்குப் பிறகும் அத்தகைய முகாம்கள் நடந்தன. அந்த முகாம்களில், தேர்வெண் தெரிந்தவர்களின் வேலை மற்றவர்களுடையதைவிட எளிதாக முடிந்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அண்மை ஆண்டுகளில் தேர்வெழுதியவர்களின் மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரிலும் கிடைக்கிறது.

இனி, பழைய பள்ளியில் எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். தலைமையாசிரியர் பெயரைக் குறிக்காமல் பதவியைக் குறித்து ஒரு கடிதம் எழுதுங்கள். இருபது ஆண்டுகளில் எத்தனையோ பேர் மாறியிருப்பார்கள். பதிவேட்டில் உள்ளபடியான உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த ஆண்டும் வகுப்பும், நீங்கிய ஆண்டும் வகுப்பும், தெரிந்தால் சேர்க்கை எண், எந்த ஆவணம் எதற்காக வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதி, பழைய சான்றிதழின் நகல் ஏதேனும் இருந்தால் இணைத்து, கடிதத்தின் படியில் பள்ளியின் முத்திரையும் பெற்ற தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பதிவேட்டில் உள்ளபடி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டவருக்கும் பழைய பதிவில் பழைய பெயரே இருக்கும். பழைய பெயரில் சான்று வாங்கி அரசிதழ் நகலை உடன் வைப்பதே நடைமுறை. ஆண்டு நினைவில்லாதவர்கள், தமக்கு முன்னோ பின்னோ அதே பள்ளியில் சேர்ந்த அண்ணன் தங்கையின் சான்றிதழைக் கொண்டுபோனால், எழுத்தர் அந்த எண்ணிலிருந்து பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடுவார். ஆண்டே தெரியாமல் ஆயிரக்கணக்கான வரிகளைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதைப் போன்றது. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவரால் நிமிர்ந்து பார்க்கவும் முடியாது.

படித்த பள்ளி மூடப்பட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். மூடப்பட்ட தொடக்கப் பள்ளியின் பதிவேடுகள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ, மாணவர்கள் இணைக்கப்பட்ட அருகிலுள்ள பள்ளியிலோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வரவில்லை என்றாலோ நிறைவளிக்கவில்லை என்றாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் இதற்கு உட்பட்டவை. உதவிபெறாத தனியார் பள்ளி என்றால், கல்வித் துறை அதனிடமிருந்து பெறத்தக்க தகவலைக் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு மனுச் செய்ய வேண்டும். உங்களைப் பற்றிய பதிவை நீங்கள் கேட்பதற்குத் தடையில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சாதியையோ பிறந்த தேதியையோ கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும்.

இந்த மனுவில் ‘எனக்குச் சான்று வழங்குக’ என்று எழுதினால் நிராகரிக்க இடமுண்டு, ஏனெனில் அந்தச் சட்டத்தின் கீழ் கிடைப்பது ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தின் நகல்; புதிதாகச் சான்று எழுதித் தருமாறு அதன்வழி கேட்க முடியாது. ‘சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் இன்ன ஆண்டில் என் பெயர் பதியப்பட்ட பக்கத்தில், என்னைக் குறித்த பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல்’ என்று கேளுங்கள். அந்த நகல் கைக்கு வந்துவிட்டால், அதில் இருக்கும் சேர்க்கை எண்ணைக் காட்டிப் பதிவுத்தாளையோ தமிழ் வழிச் சான்றையோ கேட்கும்போது, பதிவேடு கிடைக்கவில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது.